சாட்சிக் கூண்டில் ஒரு பந்துவீச்சாளர்

மலையகப் பாடசாலைகளில் பரிசளிப்பு விழா நடைபெறும்போது, பிரதம விருந்தினராக வருகின்ற பெரியவர்கள் தவறாது கூறுகின்ற வாசகம் ஒன்று உண்டு. "முத்தையா முரளிதரனைப் பாருங்கள். அவரும் உங்களைப் போல் மலையகத் தமிழர்தாம். திறமையும் உழைப்பும் இருந்தால் எவரும் எந்த உயரத்தையும் எட்டலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?" மாணவர் கைதட்டுவர். ஆசிரியர்களாகிய நாமும் தட்டுவோம். விருந்தினர் தேநீர் அருந்திவிட்டு வாகனம் ஏறிச் செல்வார். கைதட்டிய பிள்ளைகள் மலைச்சரிவின் ஒற்றையடிப் பாதையில் நடந்து லயத்துக்குத் திரும்புவர்.

அந்தக் கைதட்டலில் என் கையோசையும் பல முறை கலந்திருக்கிறது. ஆகையால், பிறரைக் குற்றம் சாட்டுமுன் என்னையும் சேர்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒருவன் இந்த வாசகத்தை எதிர்க்காது வாளாவிருத்தல் தகாது என்ற முடிவுக்கு வந்துள்ளேன். முரளிதரன் என்னும் கலைஞரிடத்து எமக்கு வழக்கு ஏதுமில்லை. அவரைக் கூண்டில் ஏற்றி, அவர் சொல்லாத சாட்சியத்தை அவர் வாயில் திணிக்கின்றவர்களோடுதான் எமது வழக்கு.

முதலில் அந்த மனிதரின் பெருமையைக் குறைவறச் சொல்லிவிடுதல் நியாயம். 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி, கொழும்பு கெத்தாராமை மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் முதன் முதல் டெஸ்ட் பந்தயத்தில் இறங்கினார். 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, காலியில் இந்திய அணிக்கு எதிராகத் தமது கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் எண்ணூறாவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார். 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகள். ஒருநாள் பந்தயங்களில் 534. 1998இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் பதினாறு இங்கிலாந்து ஆட்டக்காரரை வீழ்த்தினார். இவ்வளவையும் ஒரு நாடு தன்னைத்தானே சுட்டெரித்துக்கொண்டிருந்த போர்க்காலத்தில், அந்த நாட்டின் சீருடையை அணிந்த தமிழராக நின்று சாதித்தார். இந்தச் சாதனையைச் சிறிதாக்க முனைவோன் விளையாட்டையும் அறியான், மனிதனையும் அறியான்.

ஆயினும், சாதனை ஒன்று. அதிலிருந்து பிழியப்படும் நீதிபோதனை வேறொன்று. அந்தப் போதனையையே நாம் ஆராய வேண்டும்.

"திறமை இருந்தால் எவரும் உயரலாம்" என்பது முதல் போதனை. முரளிதரனின் வாழ்க்கை அதற்குச் சாட்சி பகர்கிறதா? அவருடைய பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920ஆம் ஆண்டு தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். பின்னாளில் அவர் தாயகம் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் குடியேறினார். புதல்வராகிய முத்தையா முதலானோர் இலங்கையிலேயே தங்கினர். முத்தையா கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழில் நடத்தினார். அதாவது, முரளிதரன் பிறந்த 1972ஆம் ஆண்டளவில் அக்குடும்பம் தேயிலை மலையிலிருந்து இறங்கி விட்டிருந்தது. கூடை இறங்கியிருந்தது; பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது நின்றிருந்தது; லயத்துக் காம்பரா பின்னே போயிருந்தது. அந்த இறக்கம் இல்லாமல் பின்னே வந்த ஏற்றம் எதுவும் இல்லை.

அதன் பின் நடந்தவற்றைப் பாருங்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படிக்கும் வாய்ப்பு. அங்கே விரிந்த மைதானம். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனின் மணிக்கட்டைக் கவனித்து, "நீ சுழற்பந்து வீசு" என்று திசை திருப்பிவிட்ட சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர். பாடசாலைகளுக்கிடையிலான பந்தயங்கள், அவற்றைப் பத்திரிகைகள் எழுதுகின்ற வழக்கம். பின்னர் கொழும்பிலே தமிழ் யூனியன் கழகம். இத்தனை படிகளிலும் ஏறியவர் முரளிதரன்தான். ஆனால் படிகள் அங்கே இருந்தன! படியே இல்லாத சுவரின் முன்னே ஒரு பிள்ளையை நிறுத்தி, "அவர் ஏறினார், நீ ஏன் ஏறவில்லை?" என்று கேட்பது அறிவுரை அன்று, அவமதிப்பு.

எமது பக்கத்துக்கு வருவோம். தேயிலை நாட்டில் சமதரை என்பது பொன்னிலும் அரிது. நீர் வழிந்தோடும் சரிவே தேயிலைக்கு உகந்தது. கிடைத்த சமதரையில் தொழிற்சாலை எழும்பியது, துரை பங்களா எழும்பியது, அதன் முன் புல்வெளி விரிந்தது. விளையாடுவதற்கென்று யாருமே நிலம் ஒதுக்கவில்லையா எனின், ஒதுக்கினார்கள். நானுஓயாவை அடுத்த ரதெல்லவிலே டிம்புல தோட்டத்துரைமாரின் சங்கத்துக்கு எழிலார்ந்த கிரிக்கெட் மைதானம் ஒன்று உண்டு. டிக்கோயா தரவளையிலும் அவ்வாறே. வெள்ளைத் துரைமார் ஞாயிறுகளில் பந்தாடுவதற்காக மலையைச் செதுக்கிச் சமமாக்கிய இடங்கள் அவை. செதுக்கிய கைகள் எவருடையவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அக்கைகளுக்குரியவர்களின் பிள்ளைகள் எங்கே ஆடினார்கள்? இன்றும் ஆடுகின்ற இடங்களிலேதான்: லயத்து வாசலில், வீதி வளைவில், மாலை வேளை பிரட்டுக்களத்தில். பந்து பள்ளத்தில் உருண்டால் ஆட்டம் முடிந்தது.

இது கிரிக்கெட்டைப் பற்றிய குறை மட்டுமன்று. மைதானம் என்பது நிலம். நிலம் என்பது உரிமை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. கைமாறிய எந்த வேளையிலும் அந்த மண்ணில் நான்கு தலைமுறை உழைத்தவர்க்கு வீடு கட்ட ஒரு துண்டு நிலம்தானும் உரித்தாக்கப்படவில்லை. இன்றும், தான் பிறந்த காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்களே மிகுதி. வீட்டுக்கே நிலமில்லாத சமூகத்தின் பிள்ளையிடம் விக்கெட் எங்கே என்று கேட்கிறோம்!

"அப்படியாயின் திறமைக்கு மதிப்பே இல்லையா?" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் திறமை தனியே நின்று வென்றதாக முரளிதரனின் கதையிலும் இல்லை. அக்கதையின் புகழ்பெற்ற அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம்.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, மெல்பேர்ன் மைதானம். நடுவர் டெரல் ஹெயர், முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி, மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோ-போல் அறிவித்தார். பத்துநாள் கழித்து பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் என்ற மற்றொரு நடுவர் அதையே செய்தார். 1999 ஜனவரியில் அடிலெயிடில் மீண்டும் எமர்சன். 2004ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே அவரை எறிபவர் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒரு தனி மனிதன், எத்துணைத் திறமையுடையவனாயினும், இந்தப் பழியின் கீழ் நசுங்கிப்போயிருப்பான்.

ஏன் நசுங்கவில்லை? அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அசையாமல் பக்கத்தில் நின்றார். அடிலெயிடில் அணி முழுவதையும் எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தார். கிரிக்கெட் சபை பின்னால் நின்றது. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அறிவியலாளர் கருவிகளைக் கொண்டு அவருடைய கையை அளந்தனர். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை அது, எறிவது போலத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்று கண்டனர். பின்னாளில் சர்வதேச கிரிக்கெட் சபை பந்துவீச்சாளர் பலரையும் அளந்து பார்த்தபோது, ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் ஓரளவு வளைந்து நிமிர்வது வெளிப்பட்டது. 2005ஆம் ஆண்டில் பதினைந்து பாகை வரை அனுமதிக்கும் விதி வந்தது.

இந்நிகழ்ச்சியில் பொதிந்திருக்கும் பாடம், விருந்தினர் சொல்லும் பாடத்துக்கு நேர் எதிரானது. ஒருவனை மட்டும் சந்தேகித்த சட்டம், எல்லோரையும் அளந்த பிறகு மாறியது. அவனுடைய திறமை மட்டும் அதை மாற்றவில்லை. தோழமை மாற்றிற்று, அமைப்பு மாற்றிற்று, அறிவியல் மாற்றிற்று. தனியொருவனின் மேன்மையைப் பற்றியதாகச் சொல்லப்படும் இக்கதை, உண்மையில் ஒருவனுக்காகப் பலர் நின்ற கதை.

இனி ஒரு கேள்வி. அந்த ஒரு கையை அளந்தார்கள், நன்று. எமது தாய்மாரின் கைகளை யார் அளந்தார்? நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வகுக்கின்ற அளவு குறைந்தால் அரைப்பேர். கொழுந்து நிறுக்கும் தராசில், ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக் கணக்கில் கழிக்கப்படுவது தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் முறைப்பாடு. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று, 2021ஆம் ஆண்டில்தான் அதைப் பெற்றனர். அதற்குள் விலைவாசி அந்த ஆயிரத்தைத் தின்றுவிட்டிருந்தது. இந்தத் தராசை ஆராய எந்தப் பல்கலைக்கழகம் கருவி கொண்டு வந்தது? இவர்களுக்காக எந்தத் தலைவன் தன் அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றான்?

இரண்டாவது போதனைக்கு வருவோம். அது முதலாவதைவிட நுட்பமானது, ஆதலால் தீங்கும் மிகுந்தது. "ஒரு தமிழர் இந்த நாட்டின் அணியில் பதினெட்டு ஆண்டு ஆடினார், சிங்கள மக்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர், இங்கே பாகுபாடு எங்கே?" என்று கேட்கிறார்கள்.

சிங்கள மக்கள் அவரைக் கொண்டாடினர் என்பது உண்மை. அந்த அன்பு பொய்யன்று. மனிதரில் நம்பிக்கையுள்ள நாம் அதைப் பொய்யென்று சொல்லவும் மாட்டோம். மெல்பேர்னில் அந்த ஏழு நோ-போல்களைக் கேட்டுச் சீறிய சிங்களத் தொழிலாளியும் மாணவனும் ஒரு தமிழனுக்காகவே சீறினார்கள். ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஆசிரியனுக்கு வேண்டும். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடு வாசல் துறந்து வெளியேறினர். டிசம்பர் தொடக்கத்தில் அந்நகரில் இராணுவம் கொடி ஏற்றியது. மூன்று வாரங்கள் கழிந்து மெல்பேர்ன். ஒரு தமிழனின் முழங்கைக்கு நியாயம் கேட்டு நாடு முழுவதும் குரல் கொடுத்தது. அதே மாதத்தில் இலட்சம் தமிழரின் இருப்பிடத்துக்கு நியாயம் கேட்ட குரல்கள் தெற்கிலே எத்தனை?

இன்னொரு பக்கம். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கும் மேற்பட்டோர் கும்பலால் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். அதையடுத்து தலவாக்கலை முதலான மலையக நகரங்களிலும் கொந்தளிப்பு மூண்டது. சரியாக இரண்டு நாள் கழித்து, 27ஆம் தேதி, ஷார்ஜாவில் முரளிதரன் முப்பது ஓட்டங்களுக்கு ஏழு இந்திய விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒருநாள் ஆட்டத்தில் அன்றைக்கு அது உலக சாதனை. இவ்விரண்டும் ஒரே நாட்டின் ஒரே வாரம். இரண்டாவது முதலாவதைத் துடைக்குமா? ஏழு விக்கெட்டுக்கு எழுந்த ஆரவாரத்தில் இருபது உயிரின் ஓலம் கேளாமற் போவதற்கு முரளிதரன் பொறுப்பல்லர். அந்த ஆரவாரத்தைச் சான்றாக ஏந்தி வருகின்றவர்களே பொறுப்பாளிகள்.

அவரும் அந்த வரலாற்றுக்கு வெளியே நின்றவர் அல்லர். 1977ஆம் ஆண்டு வன்செயலில் அவர் குடும்பத்தின் தொழிலகம் எரியூட்டப்பட்டது, தந்தையார் தாக்கப்பட்டார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் தலவாக்கலைப் பகுதியின் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பறித்துப் பங்கிடுவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். குண்டசாலையில் எரிந்த தொழிலகமும் டெவனில் வீழ்ந்த தொழிலாளியும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள். விருந்தினர் ஒரு பக்கத்தையும் வாசிப்பதில்லை.

சட்டத்தின் ஏட்டையும் புரட்டுவோம். 1947 தேர்தலில் மலையக மக்கள் தம் வாக்கினால் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பினர். தலவாக்கலையிலிருந்து சென்றவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று, சரக்கு மூட்டைகளைப் பங்கிடுவது போல் பங்கிட்டது. நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கு இறுதியாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் எப்போது வந்தது? 2003ஆம் ஆண்டில். அப்போது முரளிதரன் இலங்கைக்காக நானூறுக்கும் மேற்பட்ட டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திவிட்டிருந்தார். ஒரு மலையகத் தமிழர் நாட்டின் பெயரை உலகெங்கும் நாட்டிக்கொண்டிருக்க, அவர் பாட்டனாரோடு கப்பலேறி வந்த தலைமுறையின் சந்ததியார் நாடற்றவர் பட்டியலில் கிடந்தனர். பாகுபாடு எங்கே என்று இன்னுமா கேட்கிறீர்கள்?

ஒரு பக்கத்தாரை மட்டும் கண்டித்து நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. முரளிதரனைக் கூண்டில் ஏற்றிய இன்னொரு கூட்டமும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர் கோட்டாபய ராஜபக்ஷவை ஆதரித்தார். 2009இல் போர் முடிந்ததைக் குறித்து அவர் மொழிந்த சொற்கள், அந்த முடிவில் உற்றாரை இழந்த பல்லாயிரம் மக்களின் புண்ணில் வேல் பாய்ச்சின. 2020இல் அவரது வாழ்க்கை திரைப்படமாகிறது என்ற அறிவிப்பு வந்ததும் தமிழகத்தில் எதிர்ப்பு மூண்டது. நடிகர் விஜய் சேதுபதி முரளிதரனின் வேண்டுகோளின் பேரிலேயே விலகினார். 2023இல் வேறொரு நடிகரோடு படம் வெளிவந்தது. அப்பாவி மக்களின் கொலையைத் தாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று அவர் விளக்கமளித்தார்.

அவருடைய அரசியலை நாம் ஏற்கவில்லை. குண்டு வெடிக்குமோ என்ற அச்சம் நீங்கியது நிம்மதி என்று ஒருவர் சொல்வது மனித இயல்பு; அந்த நிம்மதிக்கு முள்ளிவாய்க்காலில் கொடுக்கப்பட்ட விலையைச் சொல்லாது விடுவது குறையே. அக்குறையைக் கண்டிக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆனால் "துரோகி" என்ற ஒற்றைச் சொல்லில் அவரை முடித்துவிட்டவர்களிடம் ஒன்று கேட்போம். மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்த காலத்தில், கொழும்பின் அமைச்சரவையில் தமிழர் எவரும் அமர்ந்திருக்கவில்லையா? கப்பலேற்றி அனுப்பப்பட்டு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கூலிகளாய் அலைந்தவர்களுக்காகத் தமிழகத்தில் எத்தனை படப்பிடிப்பு நின்றது? ஒரு பந்துவீச்சாளர் இனம் முழுவதற்கும் பேச வேண்டும் என்று கோருவதும், ஒரு பந்துவீச்சாளர் இனம் முழுவதும் நலமாயிருப்பதற்குச் சாட்சி என்பதும் ஒரே நாணயத்தின் இரு முகங்களே. இரண்டுக்கும் அந்த மனிதர் தேவையில்லை. அவர் பெயர் போதும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! முரளிதரனைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. சொல்லுங்கள், முழுமையாகச் சொல்லுங்கள். பாட்டனாரின் கப்பலையும், தந்தையாரின் எரிந்த தொழிலகத்தையும், பயிற்றுநரின் கண்ணையும், அணித்தலைவரின் பிடிவாதத்தையும், அளவுகோல் கொண்டு வந்த அறிவியலாளரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு மாணவனிடம் கேளுங்கள்: இவற்றுள் உனக்கு எவை உண்டு, எவை இல்லை, இல்லாதவற்றை யாரிடம் கேட்பாய்? அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை விக்கெட் வீழ்த்தாவிடினும் குற்றமில்லை.

அடுத்த முறை விருந்தினர் மேடையேறுமுன் எமது கோரிக்கைகளை எழுதி அவர் கையில் கொடுப்போம். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் பிள்ளைகளுக்கென்று சட்டப்படி ஒதுக்கிய ஒரு துண்டுச் சமதரை. தோட்டப் பாடசாலைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர். வேறு பாடத்துக்கென அனுப்பியவரைக் கையில் ஊதலோடு நிறுத்திவைப்பது போதாது. துரைமாருக்காகச் செதுக்கிய மைதானங்களிலே தொழிலாளர் பிள்ளைகளுக்கு வாரத்தில் குறித்த நாட்கள். இவை அனைத்துக்கும் வேராக, வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி. இவற்றுக்குப் பதில் சொல்லிய பின் அவர் முரளிதரனைப் பற்றி எவ்வளவு நேரமேனும் பேசட்டும், நாம் கைதட்டுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பிரட்டுக்களத்தில் அவன் பந்து வீசுவதை நின்று பார்த்திருக்கிறேன். கல்லிலும் மண்ணிலும் பட்டு எப்படித் திரும்பும் என்று தெரியாத தரையில், திருப்ப நினைத்த பக்கம் பந்தைத் திருப்புவான். சாதாரண தரப் பரீட்சை எழுதிய மறுமாதம் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வந்தபோது வழியில் கண்டு, "இன்னும் விளையாடுகிறாயா?" என்று கேட்டேன். "கடை பூட்ட இரவு ஒன்பதாகும், சார்" என்றான்.

அவனுக்கு முரளிதரனாகும் திறமை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அது எவருக்கும் தெரியாமற் போயிற்று என்பதே எமது குற்றச்சாட்டு.